குறை சொல்ல ஆளில்லாத கம்பெனி

அந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்து விடு தாயி, காத்து மூஞ்சில அறையுது. இன்னுங்கொஞ்சம். போதும், கெடக்கட்டும்.

விருதுநகர்ல நீ ஏறினதுல இருந்து பாக்குறேன், அந்த ஃபைல நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டே வர்ற. மேல கம்பியில வையேன், யாரு தூக்கிட்டுப் போகப் போறா. வேலைக்குத்தானே போற? கேக்காமலே கண்டுபிடிச்சேன் பாத்தியா. வளைகாப்புக்குப் போறவ மடியில ஃபைலா இருக்கும்? எதுவரைக்கும், கோயமுத்தூரா? நானும் கோயமுத்தூருதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போவோம். எனக்கு பஸ்ஸுல தூக்கம் வராது, பக்கத்துல உள்ளவுகளையும் தூங்க விட மாட்டேன்னு எங்க வீட்டுக்காரக சொல்லுவாக.

போன் அடிக்குது, எடுத்துப் பேசு. நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்க மாட்டேன்.

யாரு, கம்பெனி சாரா? எங்க வந்துக்கிட்டு இருக்கன்னு கேட்டாரா? பரவால்லையே, அக்கறையான ஆளுதான். பேரென்ன சொன்ன, யமுனாவா? நல்ல பேரு.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அந்தக் கம்பெனியப் பத்தி விசாரிச்சியா? தலைய ஆட்டுற. எப்படி விசாரிச்ச, போன்லயா? அதுக்குப் பேரு விசாரிப்பு இல்ல தாயி. விசாரிக்கிறதுன்னா என்னன்னு நான் சொல்றேன், கேளு. நாட்டுல புள்ளைக படிச்சு முடிச்சுட்டு வேலை வேலைன்னு ஓடி, கண்டவன்கிட்டப் பறிகொடுத்துட்டு வந்து நிக்குதுக. எல்லாம் விசாரிக்கத் தெரியாததுனால வர்ற வினை.

எம் பேரு மாரீஸ்வரி. எங்க பக்கம் வந்து ஈஸ்வரி மதினி வீடு எதுன்னு கேட்டா நண்டு சிண்டு கூட கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுரும். சொந்தபந்தத்துல ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும்னா, ஜாதகம் பாக்கறவனுக்கு முன்னாடி என்னையத்தான் பாக்க வருவாக. பையன் இன்ன ஊரு, இன்ன தெரு, ஒரு எட்டு போய் விசாரிச்சிட்டு வந்துருங்க மதினிம்பாக. நானும் மஞ்சப்பையத் தூக்கிட்டு பஸ் ஏறிருவேன். இதுக்கு நான் யாருகிட்டயும் கைநீட்டி ஒரு பைசா வாங்கினது கிடையாது. கல்யாணத்துல ஒரு சேலை எடுத்துக் குடுப்பாக, அதுவும் அவுகளாப் பாத்துச் செய்யிறது. நல்லா இல்லேன்னா மாத்திக் கேப்பேன், அவ்வளவுதான்.

விசாரிக்கப் போனா நேரா அந்த வீட்டுக்குப் போகவே கூடாது. மோர் விக்கிறவ எவளாச்சும் எம் மோரு புளிக்கும்னு சொல்லுவாளா? முதல்ல அந்தத் தெரு டீக்கடைக்குப் போகணும். ஒரு டீயச் சொல்லிட்டு, இன்னாரு வீடு எதுப்பான்னு மட்டும் கேக்கணும். கேட்டுட்டு டீ ஆத்துறவன் மூஞ்சியப் பாக்கணும். அந்த மூஞ்சி சொல்லிரும் பாதிய. அப்புறம் பூக்காரி, அயர்ன் வண்டிக்காரன். கடேசியாப் பக்கத்து வீட்டுல ஏறி, தொண்ட வரளுது ஒரு செம்பு தண்ணி குடு தாயின்னு கேக்கணும். தண்ணி கொண்டாந்து குடுக்கிறவ, செம்ப திருப்பி வாங்குறதுக்குள்ள மிச்சத்தையும் சொல்லிருவா.

எல்லாரும் நல்லவிதமாச் சொன்னா, வெத்தல பாக்கு மாத்திரலாம். ஒரே ஒருத்தர் ஒரே ஒரு குறை சொன்னாலும் அந்த எடம் வேண்டாம். அதான் என் கணக்கு. நெருப்பில்லாமப் புகையுமா?

எங்க நாத்தனா மகளுக்கு ஒரு வாத்தியாரு மாப்பிள்ளை வந்துச்சு. எல்லாரும் நல்ல பையன்னுதான் சொன்னாக, பக்கத்து வீட்டுக்காரி மட்டும், சரியான கஞ்சன்க்கா, ஓட்டச் சைக்கிள இன்னும் மாத்தல பாருங்கன்னா. முடிஞ்சுது, வேண்டாம்னுட்டேன். இப்ப அவன் ஹெட்மாஸ்டராகி மாடி வச்சு வீடு கட்டிட்டான், அது வேற விசயம். கஞ்சன் கட்டாம வேற யாரு கட்டுவா? அதுக்கப்புறம் அதே பொண்ணுக்கு நான் முடிச்சு வச்ச மாப்பிள்ளை தேனிப் பக்கம். தெருவே தெரண்டு வந்து புகழ்ந்துச்சு. ஒருத்தர் ஒரு குறை சொல்லணுமே, ம்ஹும். கல்யாணமாகித் தலப்பொங்கல் கூட வரல, அவனுக்குக் கம்பத்துல ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. அதுவும் வேற விசயம். அவ்வளவு பெரிய சமாச்சாரத்த அந்தத் தெருவுல ஒருத்தர் கூட வெளிய விடலேன்னா, அவன் அவுககிட்ட எவ்வளவு நல்லவனா நடந்திருக்கணும், நீயே சொல்லு. நாத்தனாதான் இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல.

சிரிக்காத தாயி. நான் சொல்ல வந்தது அது இல்ல.

எனக்கு ஒரே மக, சிந்துஜா. பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு வீட்டுல இருந்தா, எழுதிப் போடாத எடமில்ல. எங்க வீட்டுக்காரக தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவுக. அந்த மருந்து நெடியிலயே நின்னு நின்னு நெஞ்சு கெட்டுப் போச்சு. இனிமே அங்குட்டுப் போனா ஆளு மிஞ்ச மாட்டாருன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ராத்திரியானா அவுக இருமுறது எனக்குக் கேக்கக் கூடாதுன்னு வாயில துண்ட வச்சு அமுக்கிக்கிட்டு இருமுவாக. அது எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அதனால அந்தப் புள்ளைக்கு ஒரு வேலை கெடச்சாத்தான் வீட்டுல அடுப்பு எரியும்கிற நெலமை. நான் என்னமோ பேசிக்கிட்டே இருக்கேன்னு பாக்காத, அந்த ஒரு வருசம் எனக்குச் சோறு எறங்கல.

அப்பத்தான் அவ போனுக்கு ஒரு சேதி வந்துச்சு. ஏர்ப்போர்ட்டுல வேலை, உங்க பேரு செலக்டாயிருக்கு, மதுரையில எங்க ஆபீசுக்கு வந்து பாருங்கன்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அவதான் மூஞ்சியச் சுளிச்சா. நான் அங்க எழுதியே போடலையே, இன்டர்வியூவே இல்லாம எப்படிம்மா செலக்டுன்னா. உன் தெறமை அவுகளுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கும்டி, நீ பேசாம இரு, நான் போய் விசாரிச்சிட்டு வர்றேன்னு கெளம்பிட்டேன்.

காளவாசல் பக்கம் ஒரு மாடி. நான் மேல ஏறல. கீழ டீக்கடையில போய் உக்காந்து, மேல உள்ள ஆபீசு எப்படிப்பான்னேன். அந்தாளு மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு தாயி. பிரேம்நாத் சாரா, அவரு தெய்வம்மா, எத்தனை குடும்பத்துக்கு வெளக்கேத்தி வைக்கப் போறாருன்னாரு. பக்கத்துல ஜெராக்ஸ் கடை. அவரும் அதே பாட்டு. மாடிப்படியில வாச்மேன் என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு கும்பிட்டான். எங்க ஊர்ல என்னையப் பாத்து எவன் எந்திரிச்சிருக்கான்? மேல போனா மேசையில ஒரு பொண்ணு, மூக்கும் முழியுமா. இங்க வேலை பாக்குறது எப்படிம்மா இருக்குன்னேன். கோயில்ல இருக்கிற மாதிரி இருக்குன்னா. நானும் எத்தனையோ மாப்பிள்ளைக்கு அலைஞ்சிருக்கேன், கீழ இருந்து மேல வரைக்கும் இப்படிச் சுத்தமான விசாரிப்பு எனக்கு அமைஞ்சதே இல்ல.

பிரேம்நாத் சார் எனக்குப் பாதாம்பால் வாங்கியாரச் சொன்னாரு. உங்க மக இல்லம்மா, எந் தங்கச்சின்னாரு. எவ்வளவு கட்டணும்னு நான்தான் கேட்டேன். அவரு வெக்கப்பட்டாரு தாயி. காசப் பத்திப் பேசவே அவருக்கு நாக்குக் கூசுச்சு. அப்புறம் நான் வற்புறுத்தவும், டிரெயினிங்குக்கு, யூனிபாரத்துக்கு, டெல்லிக்கு அனுப்புறதுக்குன்னு மெதுவாச் சொன்னாரு. எனக்கு அப்பத்தான் முழு நம்பிக்கை வந்துச்சு. வாங்காம எவன் இந்தக் காலத்துல வேலை குடுக்கிறான்? வாங்குறான்னா வேலை இருக்குன்னு அர்த்தம். காதுல கெடந்த கம்மலக் கழட்டி, வித்து, கட்டிட்டு வந்தேன். சிந்துஜா ஒரிஜினல் சர்டிபிகேட்ட எல்லாம் குடுக்க மாட்டேன்னு மல்லுக்கு நின்னா. நான்தான் அவ தூங்கயில பீரோவுல இருந்து எடுத்துக் கொண்டு போய்ச் சார் கையில குடுத்தேன். நம்ம வீட்டுல இருந்தா கரையான் அரிக்கும், அவருகிட்ட இருந்தாப் பத்திரம்னு.

என்ன தாயி, ஃபைலத் தடவிப் பாக்குற? இருக்கு, இருக்கு, எங்கயும் போகல.

சேரச் சொன்ன நாளைக்கு மகளக் கூட்டிக்கிட்டுப் போனா கதவுல பூட்டு. பலகையும் இல்ல, ஆளும் இல்ல. கீழ டீக்கடைக்காரரு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவரு மச்சினனுக்காக அவரும் கட்டியிருக்காரு. ஜெராக்ஸ் கடைக்காரரு தம்பிக்குக் கட்டியிருக்காரு. வாச்மேனுக்குச் சம்பளமே கிடையாதாம், ஏர்ப்போர்ட்டுல செக்யூரிட்டி வேலை போட்டுத் தர்றேன்னு சொல்லி சும்மா நிக்க வச்சிருக்கான். மேசையில இருந்த பொண்ணுக்கும் அதே கதைதான். எல்லாரும் வேலை வரும் வரும்னு காத்துக் கெடந்தவுக. அதான் ஒருத்தரும் ஒரு குறை சொல்லல.

எங்க வீட்டுல ஆளாளுக்கு என்னையப் பேசினாக. எங்க அண்ணன், கொளுந்தன், பேசாத நாத்தனா கூட ஆளு விட்டுப் பேசினா. நான் கேட்டேன், என் விசாரிப்புல என்ன தப்பு? நான் கேக்க வேண்டியதக் கேட்டேன், அவுக சொல்ல வேண்டியதச் சொன்னாக. அவன் திருடனாப் போனதுக்கு விசாரிப்பு என்ன பண்ணும்? அன்னைக்கு நாங்க கெளம்புனது எமகண்டத்துல. அது ஒண்ணுதான் நான் கவனிக்கல.

இதுல எம் மக செஞ்ச கூத்தக் கேளு. பூட்டுன ஆபீஸ கட்டடக்காரரு ஒடைச்சுத் தெறந்தப்ப, குளியலறையில ஒரு சாக்கு. சாக்கு நெறையா ஊரான் வீட்டுப் புள்ளைக சர்டிபிகேட்டு. இவளுது மேலாப்பலயே கெடந்துச்சு. எடுத்துக்கிட்டு வாடின்னா வர மாட்டேங்குறா. அந்தப் படிக்கட்டுலயே உக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சு, பேரப் பாத்து, நம்பரத் தேடிப் பிடிச்சு, ஒவ்வொரு புள்ளைக்கா போன் போட்டா. அழுகுதுக அதுக, இவ ஆறுதல் சொல்றா. தனக்கே வழியக் காணோம், இவ தருமத்துக்குத் தந்தியடிக்கிறா. போலீஸுல எழுதிக் குடுத்ததும் அவதான். நான் ஒரு வாரம் அவகூடப் பேசல.

சரி, அது போகட்டும். இப்பத்தான் நெசமான கதையே.

அப்புறம் அவளாவே கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனிக்கு எழுதிப் போட்டா. தண்ணி எறைக்கிற பம்பு. செஞ்ச பம்பு சரியா இருக்கான்னு அளந்து பாக்குற வேலையாம். கூப்பிட்டானுக, போனா. பரீட்சை வச்சானுக, கேள்வி கேட்டானுக. தெரியாதத தெரியலன்னு சொன்னேம்மான்னு வந்து சிரிக்கிறா. சொல்லி அனுப்புறோம்னு திருப்பி அனுப்பிட்டானுக. வெளங்கிரும்னு நெனச்சேன். பாத்தா வேலைக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்துருச்சு. நான் விசாரிக்காமக் காலடி எடுத்து வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, அடுத்த நாளே கோயமுத்தூருக்கு பஸ் ஏறிட்டேன்.

கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை. ஒரு டீயச் சொல்லிட்டு, இந்தக் கம்பெனி எப்படிங்கன்னேன். அந்தாளு மூஞ்சி அப்படியே சுருங்கிருச்சு. இவனுகளாங்க, டீ குடிக்க பத்து நிமிசத்துக்கு மேல வெளிய உடமாட்டானுக, ஏவாரமே நடக்கிறதில்லீங்கன்னாரு. முதல் எடத்துலயே அபசகுனம். அங்கன டீ குடிச்சுக்கிட்டு இருந்த கம்பெனி ஆளு ஒருத்தனக் கேட்டேன். சூப்பர்வைசர் சிடுமூஞ்சி, ஓவர்டைம் காச ஒரு நாள் தள்ளித்தான் போடுவான், கேண்டீன் சாம்பார்ல பருப்பத் தேடணும்னு பொரிஞ்சு தள்ளிட்டான். எத்தனை வருசமாப்பா இங்க இருக்கன்னா, பத்துப் பன்னெண்டு வருசமா இருக்கானாம். இவ்வளவு குறை சொல்லிக்கிட்டு அங்கயே கெடக்கான் பாரு, சூடு சொரணை இல்லாத பய.

வாச்மேன் உள்ள விடல. கும்பிடலேன்னாக் கூடப் பரவால்ல, வெயில்ல நிக்க வச்சு, பேரு ஊரு போன் நம்பரு எல்லாம் கேட்டான். வாழப்பழம் ரெண்டு நீட்டினேன், தொடவே இல்ல. கடைசியா உள்ள இருந்து ஒரு பொம்பளப்புள்ள வந்து என்னங்கம்மா வேணும்னுச்சு. வேலைக்கு ஆளெடுக்கிற புள்ளையாம். நான் நேராவே கேட்டேன், எவ்வளவு கட்டணும்னு. அது பதறிப் போயி, "ஒரு பைசா கட்ட வேண்டாமுங்கம்மா, கம்பெனி பேரச் சொல்லி யாராச்சும் கேட்டாலும் குடுத்துறாதீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேக்கல. பாதாம்பால் எங்க, இது எங்க.

போதும்டா சாமின்னு திரும்பி வந்துட்டேன். வந்து சொன்னேன், அந்த எடம் சரியில்ல, டீக்கடையில இருந்து வாச்மேன் வரைக்கும் ஒருத்தன் வாயில ஒரு நல்ல வார்த்த வரலன்னு. சிந்துஜா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா. காச கட்ட வேண்டாம்னா சொன்னாக, பன்னெண்டு வருசமாவா இருக்காருன்னு ரெண்டே கேள்வி கேட்டா. கேட்டுட்டுப் பொட்டியக் கட்ட ஆரம்பிச்சுட்டா. நான் வாசல்ல குறுக்க உக்காந்தேன். அவ அப்பாவப் பாத்தா. அந்த மனுசன் வாழ்நாள்ல என் பேச்ச மீறாத மனுசன், எந்திரிச்சு வந்து பொட்டியத் தூக்கி என்னையத் தாண்டி வெளிய வச்சாக. தூக்கினதுக்கே மூச்சு வாங்குச்சு அவுகளுக்கு. என்ன சொல்றது, பெத்த மகளும் கட்டின புருசனும் சேர்ந்துக்கிட்டா.

போயி ஏழெட்டு மாசம் ஆகுது. மாசா மாசம் அப்பாவுக்கு மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் அனுப்புறா. எனக்குக் கம்மல் கூட வாங்கியாந்தா, இந்தா காதுல கெடக்குதே, இதுதான். சின்னதுதான். அதுக்காக, சம்பளம் ஒழுங்கா வந்துட்டா நல்ல கம்பெனின்னு ஆயிருமா? போன வாரங் கூட போன்ல, அளவு சரியில்லன்னு ஒரு லோடு பம்பத் திருப்பி அனுப்பிட்டேம்மா, சூப்பர்வைசர் கத்து கத்துன்னு கத்துறாருங்குறா. சொல்லிட்டு சிரிக்கிறா. நான் விசாரிச்சது சரியாப் போச்சா இல்லையா?

இப்ப எதுக்குப் போறேன்னா, அவளக் கையோட கூட்டியாரத்தான். அதவிட அருமையான எடம் ஒண்ணு அமைஞ்சிருக்கு. வீட்டுல இருந்தே போன்ல பாக்குற வேலை. ஒரு மேடம் அவுகளாவே தேடி வந்து சொன்னாக. முதல்ல கொஞ்சம் கட்டணும், அப்புறம் நாளும் பொழுதும் வரவுதான். நான் இந்தத் தடவ சும்மா விடல, நல்லா விசாரிச்சேன். அந்த வாட்ஸாப் குரூப்புலயே என்னையச் சேத்து விட்டுட்டாக. ஊரு ஊரா ஆளுக இருக்காக. விடிஞ்சா நன்றி மேடம், அடைஞ்சா நன்றி மேடம். எனக்கு இவ்வளவு வந்துச்சு, உனக்கு எவ்வளவுன்னு ஒரே கொண்டாட்டம். நான் ராவும் பகலும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன், ஒருத்தர் ஒரு குறை சொல்லணுமே.

இத மககிட்டச் சொன்னேன். அந்தப் பம்ப விட்டுத் தொலைச்சுட்டு வந்துருடி, நான் நாளைக்கு வர்றேன்னு. அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா?

"வாம்மா. ஆனா நேரா என்கிட்ட வராத. உன் வழக்கப்படி கேட்டுக்கு எதுத்த டீக்கடையில என்னையப் பத்தி விசாரி. வாய்க்காரின்னு ஒருத்தர் சொல்லுவாரு. பம்பத் திருப்பி அனுப்பிட்டேன்னு ஒருத்தர் திட்டுவாரு. நாலு பேரு நாலு குறை சொல்லுவாக. அப்பத் தெரிஞ்சுக்க, உம் மக நெசமாவே அங்க வேலை பாக்குறான்னு. மதுரையில ஒருத்தரும் ஒரு குறை சொல்லலையே ஏன்? அங்க ஒருத்தரும் வேலையே பாக்கலம்மா."

கேட்டியா பேச்ச? குறை சொன்னாத்தான் நெசமாம். படிச்ச புள்ள பேசுற பேச்சா இது. எவன் எம் மகளக் குறை சொல்றான்னு நானும் பாக்கத்தான் போறேன். டீக்கடையில எறங்கி, என்னடா கண்ட எம் மககிட்டன்னு நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு கேக்கல, எம் பேரு மாரீஸ்வரி இல்ல. ஊரான் வீட்டுச் சர்டிபிகேட்டுக்காகப் படிக்கட்டுல உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்ட புள்ள அது.

என்ன தாயி, மூஞ்சி ஒரு மாதிரியாப் போச்சு? பஸ்ஸு ஒத்துக்கலையா? இந்தா, எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், மோந்து பாரு.

எங்கதையவே பேசிக்கிட்டு வர்றேன், உன் கம்பெனியப் பத்திச் சொல்லு. என்னது, இன்டர்வியூவே இல்லையா, போன்லயே எடுத்துட்டாகளா? குடுத்து வச்சவ. ஒரிஜினல் சர்டிபிகேட்டக் கையோட கொண்டாரச் சொல்லியிருக்காகளா? அதான் அந்த ஃபைலா, சரி சரி. பணமும் கொண்டாரச் சொன்னாகளா? கட்டித்தான் ஆகணும், வெதைக்காம வெளையுமா? பஸ் ஸ்டாண்டுக்கே வண்டி அனுப்புறாகளா? எம் மக போனப்ப ஒரு நாதி வரல, டவுன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போனா. அங்க சேர்ந்தவுக எல்லாம் என்ன சொல்றாக? எல்லாருமே நல்லாருக்குன்னுதான் சொல்றாகளா? ஒருத்தர் கூட எதுவும் குறை சொல்லலையா?

அப்புறம் என்ன. கண்ண மூடிக்கிட்டுப் போய்ச் சேரு. நானே விசாரிச்சிருந்தாலும் இதுக்கு மேல சொல்லியிருக்க மாட்டேன்.

போன் அடிக்குது பாரு. உங்க சாராத்தான் இருக்கும். எடு. ஏன் பாத்துக்கிட்டே இருக்க? விடாம அடிக்கிறாரு பாவம், எடுத்து ரெண்டு வார்த்த பேசு தாயி.

இது திருமங்கலம். இங்க ரொம்ப நேரம் நிக்காது. ஏன் எந்திரிக்கிற? கீழ எறங்கினீன்னா விட்டுட்டுப் போயிருவான். பையெல்லாம் எதுக்கு எடுக்குற? ஏ தாயி, கோயமுத்தூருக்கு டிக்கெட் எடுத்துட்டுத் திருமங்கலத்துல எறங்குனா எப்படி? ஏ யமுனா. எனக்கு எதுக்குக் கும்பிடு போடுற, நான் என்ன செஞ்சேன்?

வாங்கம்மா, உக்காருங்க, இந்த எடம் காலிதான். இப்ப எறங்கி ரோட்டத் தாண்டிப் போகுதே ஒரு புள்ள, அந்தா, விருதுநகர் பஸ்ஸு நிக்கிற பக்கம், போன அமத்திப் பைக்குள்ள போடுது பாருங்க. ஃபைல மட்டும் விடாமப் பிடிச்சிருக்கு. இவ்வளவு நேரம் எங்கூடத்தான் உக்காந்து வந்துச்சு. கோயமுத்தூர்ல ராசா மாதிரி ஒரு வேலை, ஒருத்தர் ஒரு குறை சொல்லாத கம்பெனி, வண்டி அனுப்பிக் கூப்பிடுறாக. அத விட்டுட்டு எறங்கிப் போகுது. ஏமாந்து போயிரக் கூடாதேன்னு விருதுநகர்ல இருந்து தொண்டத் தண்ணி வத்தப் புத்தி சொல்லிக்கிட்டு வந்தேன், அதுல ஒண்ணு கூட அது காதுல ஏறல போல. நீங்க எதுவரைக்கும்மா?